ஹபீபா அக்கா எழுதிய எட்டு

செய்தி நண்பர் செல்வராஜிடமிருந்து வந்தது. காலை எட்டரை மணி, நான் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். குரோம்பேட்டை சிக்னலைத் தாண்டி ஒரு மருந்துக் கடை ஓரமாக வண்டியை நிறுத்திப் போனை எடுத்தேன்.

"முரளி, ஹபீபா அக்கா போயிட்டாங்கப்பா. விடிகாலையில எழுந்து தொழுதுட்டு நாற்காலியில உக்காந்தாங்களாம். அப்படியே சாஞ்சுட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறாங்க. நீ வந்துடு."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நொடியில் எனக்கு அழுகை வரவில்லை. "இனிமேல் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை" என்றுதான் முதலில் தோன்றியது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல்கூட இருந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. எதைச் சொல்லாமல் மூன்று வருடம் ஒளித்து வைத்திருந்தேன் என்பதைச் சொல்வதற்காகவே இந்த அஞ்சலியை எழுதுகிறேன். அதற்கு முன், அவரை அறியாதவர்களுக்கு அவர் யார் என்று சொல்ல வேண்டும்.

ஹபீபா அக்கா குரோம்பேட்டையில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மருந்து பாட்டில்களுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் அது. அடித்து வரும் தாள்களை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து, நிறம் விலகியது, வெட்டு கோணியது, மை கசிந்தது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பது அவர் வேலை. கணவர் ஜமால் பாய்க்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் பெல்ட், மணிபர்ஸ் கடை. ஒரே மகள், கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறார்.

இந்த அம்மையாருக்கும் அமெரிக்காக்காரர்கள் ஆடும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள். அவருடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். ஒரு தடவை லீவில் வந்தபோது, கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்தார் என்று ஒரு ஷூ டப்பா நிறையப் பழைய பேஸ்பால் அட்டைகளைக் கொண்டுவந்து தங்கையிடம் தந்திருக்கிறார். அந்த ஊரில் பிள்ளைகள் பபிள்கம் வாங்கினால் கூடவே கிடைக்கும் அட்டைகள் அவை. முன்பக்கம் ஆட்டக்காரர் படம், பின்பக்கம் அவர் ஆடிய கணக்கு. வேறு யாராக இருந்தாலும் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்திருப்பார்கள். அக்கா அச்சகத்துக் கண்ணோடு அவற்றைப் பார்த்தார். ஒரே படத்தில் இரண்டு அட்டைகள் இருந்தால், ஒன்றில் சிவப்பு ஒரு மயிரிழை தள்ளி விழுந்திருக்கும். அதிலிருந்து பிடித்துக்கொண்டது அவருக்கு.

ஓர் ஆட்டக்காரர் பெரிய அணிக்குள் நுழையும் முதல் வருடத்தில் அவருக்கு அடிக்கிற அட்டையை ரூக்கி கார்டு என்பார்கள். அந்த நேரத்தில் அவர் யாரோ எவரோ. ஆகவே பிள்ளைகள் அதைச் சட்டைப் பையில் திணிப்பார்கள், சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி டரடரவென்று சத்தம் எழுப்புவார்கள். பிற்பாடு அந்த ஆள் பெரிய புள்ளி ஆனதும் எல்லோரும் அந்த முதல் அட்டையைத் தேடுவார்கள். முனை மழுங்காமல், மடிப்பு விழாமல் தப்பித்தவை சொற்பமாகத்தான் இருக்கும். மதிப்பெல்லாம் அதில்தான். பத்துக்கு எத்தனை என்று ஓர் எண் போட்டு அந்த நிலைமையைச் சொல்வார்கள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு வருட வீட்டு வாடகைகூட இருக்கலாம்.

அவரை நான் முதலில் பார்த்தது மேற்குத் தாம்பரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில். பதினான்கு வருடம் இருக்கும். அமெரிக்காவில் இருக்கும் என் பெரியப்பா மகன் அனுப்பிய இரண்டு அட்டைகளைக் கடைக்காரரிடம் காட்டி, இதுமாதிரி வந்தால் எடுத்து வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார், படத்து மேல விரலை வைக்காதீங்க. ஓரத்துல பிடிங்க."

திரும்பினால், தலையில் முக்காடும் தோளில் துணிப் பையுமாக ஒரு பெண்மணி. கடைக்காரருக்குச் சிரிப்பு. என் கையிலிருந்து அட்டையை இரண்டு விரலால் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது அவரோட இரண்டாவது வருஷத்து அட்டை. முதல் வருஷத்துல தொப்பி இல்லாம இருப்பார்."

"இந்த ஆட்டம் உங்களுக்கு நல்லாப் புரியுமா மேடம்?"

"சத்தியமாப் புரியாது. ஒரு டீம்ல எத்தனை பேர் ஆடுவாங்கன்னுகூடத் தெரியாது. யாருக்கு எது முதல் அட்டைன்னு கேளுங்க, சொல்றேன்."

கடைசி வரை அவருக்கு அந்த ஆட்டம் புரியவில்லை. செல்வராஜ் ஒருநாள் வீடியோ போட்டுக் காட்டினார். கால் மணி நேரம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரம் சும்மா நிக்கறதுக்கா இவ்வளவு அழகா அட்டை அடிச்சாங்க?" என்று கேட்டார்.

அட்டை சேகரிக்கும் எங்கள் கூட்டம் செம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், செல்வராஜ் வீட்டு மாடியில் நடக்கும். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணிக்கு. ஏழு பேர். பாதிப் பேர் பேஸ்பால், மீதிப் பேர் பழைய கிரிக்கெட் அட்டை. ஆறு ஆண்கள் நடுவில் அக்கா ஒருவர். ஸ்கூட்டரில் வருவார். முக்காட்டின் மேல் ஹெல்மெட், காலடியில் எவர்சில்வர் டிபன் டப்பா. அதில் எங்களுக்குச் சமோசா இருக்கும்.

அட்டைக்கு எண் போடுவதில் அவர் ஒரு முறை வைத்திருந்தார். கறுப்புத் துணியை விரித்து அட்டையை வைப்பார். அதைத் தொடுவதற்கு முன், கொண்டுவந்தவர் அட்டையின் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கே கிடைத்தது, எதில் வைத்திருந்தீர்கள், என்ன செய்தீர்கள், துடைத்தீர்களா, ஒட்டினீர்களா எல்லாம். எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "அட்டையை நான் பார்க்கறேன். எனக்குத் தெரியாததை நீங்க சொல்லுங்க" என்பார். அதற்குப் பிறகு லென்ஸை எடுப்பார். நான்கு முனை, நான்கு ஓரம், படம் நடுவில் விழுந்திருக்கிறதா, மேல்பூச்சு கலையாமல் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு சின்னச் சீட்டில் எண்ணும் இரண்டு வரிக் காரணமும் எழுதித் தமிழில் கையெழுத்துப் போடுவார். அந்தச் சீட்டுக்கு மதுரை, புதுச்சேரி, பெங்களூர் வரை மரியாதை இருந்தது. முன்பின் பார்க்காதவர்கள்கூட, "ஹபீபா மேடம் சீட்டு இருக்கா?" என்று கேட்டுவிட்டு அட்டையை மாற்றிக்கொள்வார்கள். இதற்காக அவர் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. சமோசா அவர் செலவு.

சொந்த அண்ணன் கொண்டுவந்த அட்டைகளிலேயே ஒன்றுக்கு நாலு என்று எழுதி வைத்திருந்தார். "அண்ணன் கொடுத்ததாச்சே, ஒரு ஆறு போடக்கூடாதா?" என்று நான் கிண்டல் செய்தேன். "பாசத்துக்கெல்லாம் எங்கிட்ட மார்க் கிடையாது முரளி சார்" என்றார்.

கூடுவாஞ்சேரியிலிருந்து மனை வியாபாரம் செய்யும் ஒருவர் ஒரு தடவை வந்தார். கையில் இருந்தது அருமையான ரூக்கி அட்டை. ஆனால் மனுஷன் அதை ரேஷன் கார்டுபோல் லேமினேஷன் செய்துவிட்டார்! பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான், ஆனால் அதோடு அட்டையின் மதிப்பு போயிற்று. நாங்கள் ஆறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இருபக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இனிமே உங்க வீட்டைவிட்டு வெளியே போகாது சார். நல்லதுதான், ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டுங்க" என்றார். அந்த ஆள் சந்தோஷமாகப் போனார். அவர் படி இறங்கும் வரை பொறுத்திருந்து, எங்களைப் பார்த்து, "அறிவில்லையா உங்களுக்கு? ஆசைப்பட்டு வந்தவர் முன்னாடியா சிரிக்கறது?" என்று பிடி பிடி என்று பிடித்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

கூட்டத்தில் எவருக்கும் அக்காவிடமிருந்து பழைய பேஸ்பால் அட்டைக்கு எட்டு கிடைத்ததில்லை. ஏழோடு நிறுத்திவிடுவார். செல்வராஜிடம் மூன்று ஏழுகள் இருந்தன, அதைப் பத்து நாளைக்கு ஒரு தரமாவது சொல்லிக் காட்டுவார். எனக்கு எட்டு வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. பெரியப்பா மகன் அனுப்பிய ஒரு கட்டில் ஓர் அட்டை இருந்தது. இடதுகைப் பந்துவீச்சாளர் ஒருவரின் முதல் அட்டை, பள்ளிக்கூடப் பையன் முகம். மூன்று ஓரங்கள் பிரமாதம். வலது ஓரத்தில் மட்டும் நகம் பட்டதுபோல் ஒரு சின்னப் பள்ளம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் எஃகு ஸ்கேலையும் புது பிளேடையும் வைத்துக்கொண்டு அந்த ஓரத்தை வெட்டினேன். ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது. அந்தக் காலத்து அட்டைகளை ஆலையிலேயே கொஞ்சம் கூடக் குறையத்தான் வெட்டியிருப்பார்கள், ஆகவே அளந்தால் அகப்படாது. எங்கள் உலகத்தில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அது எனக்குத் தெரியும். வெட்டி விழுந்த அந்த நூல் அளவுத் துண்டை ஊதிவிட்டேன், அது எங்கே போய் விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாளே கூட்டம். அட்டை கறுப்புத் துணிமேல். என் முறை வந்ததும் கதையைச் சொன்னேன். பெரியப்பா மகன் அனுப்பினான், ஆல்பத்தில் இருந்தது, நான் எதுவும் செய்யவில்லை.

அக்கா லென்ஸை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு அட்டையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி ஓரத்தைப் பார்த்தார்.

"முரளி சார், மூணு ஓரம் பழுத்திருக்கு. இந்த ஒரு ஓரம் மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?"

நான் திக்கவில்லை, திணறவில்லை. பதில் தயாராக வந்தது. "அந்தப் பக்கம் ஆல்பத்தோட மடிப்புக்குள்ள சொருகி இருந்துச்சு அக்கா. வெளிச்சமே படலை."

அவர் என்னைப் பார்த்தார். சந்தேகமாகப் பார்த்தார் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் அவர் நம்பித்தான் பார்த்தார். "அப்படியா, அப்போ சரி" என்று சொல்லிச் சீட்டை எடுத்து எட்டு என்று எழுதினார். செல்வராஜ் எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அன்று சமோசா இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அந்த எட்டைப் பார்த்துப் பெங்களூர்க்காரர் ஒருவர் நான் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த மூன்று அட்டைகளைத் தந்து அதை வாங்கிக்கொண்டார். ஆறு மாதம் கழித்து அவர் அதை அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கே அட்டைகளை ஆராய்ந்து பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து எண் போட்டுத் தரும் நிறுவனங்கள் உண்டு. எண் இல்லாமலே திரும்பி வந்தது. ஓரம் வெட்டப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். மனுஷர் அதையும் அக்காவின் சீட்டையும் சேர்த்துப் படம் எடுத்து, சேகரிப்பவர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "தாம்பரத்துச் சீட்டை நம்பி மோசம் போனேன்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே கட்டைவிரல்களும் சிரிப்பு முகங்களும் வரிசையாக விழுந்தன. வயசாயிடுச்சு, கண்ணு போயிடுச்சு, பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதினார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா எனக்குப் போன் செய்தார்.

"முரளி சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீங்க சொன்னது சரிதானே?"

"சரிதான் அக்கா."

"சரி. அப்போ உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே யாரோ வெட்டியிருக்காங்க. நான்தான் விட்டுட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. அந்த இடத்தில் ஒரு வார்த்தை, இல்லை அக்கா நான்தான் வெட்டினேன் என்ற ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. போனை வைத்துவிட்டு டிவியில் ஏதோ பார்த்தேன்.

பெங்களூர்க்காரருக்கு அவருடைய மூன்று அட்டைகளையும் திருப்பி அனுப்பினேன். மனசாட்சியால் அல்ல, விஷயம் பெரிதாகக் கூடாது என்ற பயத்தால். ஆனால் குழுவில் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். தன்மேல் தப்பில்லாமலே திருப்பிக் கொடுத்த பெரிய மனுஷன் என்றார்கள். அடுத்த வாரம் அக்கா ஜமால் பாயோடு சேலையூரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு பை நிறைய ஆப்பிள் வேறு. என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"என் தப்புக்கு நீங்க நஷ்டப்பட்டீங்க. என்னை மன்னிச்சுடுங்க முரளி சார்" என்றார் அக்கா.

"ஐயோ, விடுங்க அக்கா. அதெல்லாம் பெரிய விஷயமில்லை" என்றேன்.

என்ன பெருந்தன்மை பாருங்கள் எனக்கு.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. தான் சீட்டு எழுதிக் கொடுத்தவர்களுக்கெல்லாம் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். "என் பார்வையில் பிழை நேர்ந்திருக்கிறது. தயவுசெய்து உங்கள் அட்டையை வேறொருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்று. அவரே எல்லாவற்றையும் தபாலில் சேர்த்தார். கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். பரிசோதித்துவிட்டு, உங்கள் வயதுக்குப் பார்வை மிக நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அடுத்த கூட்டத்தில் அதை எங்களிடம் சொன்னார்.

"கண்ணுல ஒண்ணும் இல்லையாம். அப்போ தப்பு உள்ளதான் இருக்கு" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். செல்வராஜ் ஏதோ சமாதானம் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றே லென்ஸையும் கறுப்புத் துணியையும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். "இனிமே முரளி சார் எண் போடட்டும். அவர் நேர்மையானவர்" என்றார். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. இரண்டரை வருடமாகச் சீட்டு எழுதுகிறவன் நான்தான். எனக்கு முன்னால் அட்டையை வைத்துவிட்டுக் கதை சொல்கிறவர்களிடம், "எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்" என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

அக்கா ஒரு வருடம் வந்தார். ஸ்கூட்டரை விற்றுவிட்டார், பஸ்ஸில் வருவார். யாராவது ஓர் அட்டையை நீட்டி, "சும்மா பார்த்துச் சொல்லுங்க அக்கா" என்றால், "எனக்கு வேணாம்பா, முரளி சாரைக் கேளு" என்பார். பிறகு முழங்கால் வலி என்று வருவதை நிறுத்திக்கொண்டார். நான் போய்ப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் பிரியாணி மட்டும் தவறாமல் என் வீட்டுக்கு வந்தது.

அவர் இறந்த அன்று மாலை பள்ளிவாசல் முற்றத்தில் ஓரமாக நின்றிருந்தேன். அவர்கள் வழக்கத்தில் வெளி ஆண்களுக்குப் பெண்ணின் முகத்தைக் காட்ட மாட்டார்கள். அதுவும் எனக்கு நல்லதாயிற்று. தொழுகைக்கு முன் ஜமால் பாய் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றார். இறந்தவர் யாருக்காவது ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னித்துவிடும்படி குடும்பத்தார் கேட்பது அவர்கள் வழக்கம்.

"என் மனைவி யார் மனசையாவது நோகடிச்சிருந்தா, யாருக்காவது தெரிஞ்சோ தெரியாமலோ தப்பு செஞ்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சுடுங்க" என்றார். அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கண்கள் கூட்டத்தைத் துழாவி என்னிடம் வந்து நின்றன.

"முரளி சார், உங்க அட்டை விஷயம் அவங்களுக்குக் கடைசி வரைக்கும் மனசுல இருந்துச்சு. நான் செத்தா அவர்கிட்ட மறுபடியும் ஒரு தடவை கேட்டுடுங்கன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். அவங்க நிம்மதியாப் போகட்டும்."

இருநூறு பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். செல்வராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் துக்கத்தில் பேச முடியாமல் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.

"மன்னிச்சுட்டேன் பாய்" என்றேன்.

அட்டையை வெட்டியது ஒரு தவறு. ஆல்பம் மடிப்பு என்றது, சரிதான் அக்கா என்றது, இரண்டும் பொய். இந்த மன்னிப்பு எந்தக் கணக்கில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. அவரைச் சுமந்துகொண்டு போனார்கள். மண் போடுவதற்கு என்னையும் அழைத்தார்கள். நான் போடவில்லை.

எட்டு நாள் தாக்குப்பிடித்தேன். ஒன்பதாம் நாள் காலையில் குரோம்பேட்டையில் ஜமால் பாய் வீட்டுக்குப் போனேன். ஒற்றை ஆளாக ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கேல், பிளேடு, ஆல்பம் கதை, எதையும் விடவில்லை. அவர் பேப்பரை மடிக்க ஆரம்பித்தார். நான் முடித்த பிறகும் பேப்பரை நான்காய் மடித்து எட்டாய் மடித்துக்கொண்டே இருந்தார்.

"அட்டையை வெட்டினீங்க. சரி, அது உங்க அட்டை. நாங்க உங்க வூட்டுக்கு வந்தோமே, அன்னிக்கு ஏன் சார் வாயைத் திறக்கல?"

"பயம் பாய்."

"யாருக்குப் பயம்? ஹபீபாவுக்கா? கரப்பான் பூச்சியைக்கூட முறத்துல ஏந்திகினு போய் வெளியே விடுவா அவ. அவளுக்கா பயந்தீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"முப்பது வருஷம் கலர் பார்த்தவ சார் அவ. இந்த ரெண்டு வருஷமா துணிக்கடைக்குப் போனா, 'இது பச்சைதானே, நீலமில்லையே?'ன்னு எங்கிட்ட கேப்பா. எனக்கு இன்னா தெரியும் கலரைப் பத்தி? வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன். அதை நம்பி எடுத்துகினு வருவா. கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனான்னு மூணு தடவை கேப்பா. ஞாபக மறதி வரப்போவுது, உங்களுக்குப் பாரமாயிடுவேன்னு சொல்லிச் சொல்லி அழுவா. நானும் அவளுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னுதான் நம்பினேன் சார். கட்டின புருஷன், நானே நம்பினேன்."

என்னை மன்னித்துவிடுங்கள் பாய் என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"என்னால முடியாது சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நான் மன்னிச்சேன்னு சொன்னா நீங்க நிம்மதியாப் போயிடுவீங்க. அந்த அதிகாரம் எனக்கில்லை, அவளோடது அது. அவ போயிட்டா. அவ பேரு எங்கெங்க கெட்டுதோ அங்கெல்லாம் போய், உங்க வாயால சொல்லுங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியல."

எழுந்தேன். எப்போது போனாலும் தெருமுனை வரை கூடவே வந்து வழியனுப்புகிறவர் அவர். அன்று கேட் வரை வந்தார். நான் வெளியே காலை வைத்ததும் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.

ஆகவே இது அந்த வாட்ஸ்அப் குழுவுக்கும், பெங்களூர்க்காரருக்கும், அக்காவின் கடிதம் கிடைத்த ஒவ்வொருவருக்கும் போகிறது. நேரில் பார்க்க முடிந்தவர்களிடம் நேரிலும் சொல்கிறேன். செல்வராஜிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். இனி நான் எந்த அட்டைக்கும் எண் போட மாட்டேன். என் கையெழுத்துள்ள சீட்டு வைத்திருப்பவர்கள் அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அக்காவின் கையெழுத்துள்ள சீட்டு வைத்திருப்பவர்கள், அவர் கடிதத்தில் என்ன எழுதியிருந்தாலும், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் பார்வையில் பிழை நேரவில்லை. அந்த ஓரம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். பார்த்த பிறகு என் பேச்சை நம்பினார். அதுதான் நடந்தது.

ஹபீபா அக்கா, பள்ளிவாசல் முற்றத்தில் உங்களை மன்னித்துவிட்டேன் என்று சொன்னேனே, அந்தச் சொல்லை எல்லோருக்கும் முன்னால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீங்கள் எனக்கு ஒரு தவறும் செய்யவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். முடியாது என்று சொல்ல நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் அதையும் கேட்கிறேன். போய் வாருங்கள் அக்கா. உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. நீங்கள் கடைசி வரை நன்றாகத்தான் இருந்தீர்கள்.